பரங்கிக்காய்க்கு ஒரு பயனெட்

1

இந்தக் கதை ஒரு வாட்ஸ்அப் குரல் செய்தியில் பிறந்தது. அனுப்பியவர் என் மாமனார் அய்யாசாமி. ஓய்வுபெற்ற ஹவில்தார், வேலூர் பக்கம்.

"மாப்ள, ஞாயித்துக்கெழம காலைல வரேன். சிந்துவோட துணிமணி எதுவும் வேணாம். அந்த பயனெட்ட மட்டும் எடுத்து வைங்க. வேற ஒண்ணும் கேக்கல."

சிந்து என் மனைவி. இறந்து எட்டு மாதம் ஆகிறது. (எப்படி என்று எழுதப்போவதில்லை. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். மூன்றும் ஆஸ்பத்திரிக் காகிதம் போலவே வந்தன.)

பயனெட் என்பது துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துக்கத்தி. மாமா ஓய்வுபெற்ற அன்று அதன் முனையை மழுக்கி, தேக்குப் பலகையில் பதித்து, நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள். இருபத்திரண்டு வருடப் பட்டாளத்துக்கு வீட்டில் இருந்த ஒரே சாட்சி.

குரல் செய்தி வந்தபோது அது இரண்டு துண்டாகிப் பத்து நாள் ஆகியிருந்தது. துண்டாக்கச் சொன்னது நான்.

2

தொடக்கத்தை வேறு மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

'டெல்லியின் புகைமூட்டத்துக்குள் ஓர் இளைஞன் கையில் ஆயுதத்தோடு' வேண்டாம்.

'எஃகும் துயரமும் ஒரு விஷயத்தில் ஒன்று, இரண்டும்' இல்லை. எஃகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இஸ்மாயில் சொன்னது. துயரத்தைப் பற்றி அந்த அளவுகூடத் தெரியாது.

நடந்ததையே சொல்கிறேன். கல்யாணமானதும் சிந்து அந்தப் பலகையை அப்பாவிடமிருந்து வாங்கி வந்து டெல்லியில் எங்கள் லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் ஹாலில் மாட்டினாள். ஒரு நாள் ஐஎன்ஏ மார்க்கெட்டில் முழுப் பரங்கிக்காய் வாங்கினாள். பாதி வெட்டும்போது கத்தி சிக்கிக்கொண்டது. இழுத்தாள். பிடி மட்டும் கையோடு வந்தது. சுவரைப் பார்த்தாள்.

"இது சும்மா தொங்கி என்ன பண்ணுது? எறங்கி வந்து பரங்கிக்கா வெட்டட்டும்."

"உங்கப்பா கேட்டா?"

"எங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீ பயப்படாத."

அவள் சொல்வதற்குள்

(இந்த வாக்கியம் இப்படியே இருக்கட்டும்.)

ஆனால் வரைந்து வைத்திருந்தாள். கட்டம் போட்ட தாளில் தன் உள்ளங்கையை வைத்து, சுற்றிக் கோடு இழுத்து. பயனெட்டின் அலகு ஒல்லி, காய்க்கு உதவாது. எனவே புதிதாக அகலமான அலகு. பயனெட்டிலிருந்து இரண்டு பாகங்கள்: துப்பாக்கிக் குழல் நுழையும் வளையத்தோடு இருக்கும் குறுக்குப் பட்டை, பிடியின் அடியில், துப்பாக்கியிலிருந்து கழற்ற அழுத்தும் பட்டனோடு இருக்கும் குமிழ். இரண்டுக்கும் நடுவே மரப்பிடி. ஓரத்தில் குறிப்புகள்: 'கட்டைவிரலுக்குப் பள்ளம் இங்க.' 'குமிழ்ல இருக்கற பட்டன எடுக்கக் கூடாது!!'

3

இஸ்மாயில் பழைய டெல்லியில் ஹோட்டல்களுக்குக் கத்தி செய்பவர்.* சிந்து போன பிறகு தாளையும் பயனெட்டையும் அவரிடம் கொண்டுபோனேன். தாளைப் பார்த்தார்.

"பாய் சாப், காகஸ் உல்டா ஹை."

தாளில் கை இடவலம் மாறியிருக்கிறது என்கிறார். இல்லை, அது இடது கை என்றேன்.

"ஆப்கா?"

"நஹீ."

உங்கள் கையா என்று கேட்டார், இல்லை என்றேன். அளவெடுக்கத் தொடங்கினார்.

சனிக்கிழமை கத்தி கைக்கு வந்தது. நான் வலது கைக்காரன். பிடித்துப் பார்த்தேன். பள்ளம் தப்பான பக்கத்தில் இருந்து உள்ளங்கையை உறுத்தியது. அவளுக்கு மட்டும் பொருந்தும் ஒரு பொருளை முழுக் கவனத்தோடு செய்து முடித்திருந்தேன். நாளைக் காலை மாமா வருகிறார்.

* இஸ்மாயிலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி நீக்கினேன். அவரை ஞானி ஆக்கிக்கொண்டிருந்தேன். அவர் போனில் கிரிக்கெட் ஓடவிட்டபடி சாணை பிடிப்பவர். மூன்று தடவை நாள் தள்ளினார்.

4

இரண்டு முடிவுகளை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன்.

அ. மாமா பெட்டியைத் திறக்காமலே அடுத்த ரயிலில் திரும்புகிறார். (பயத்தில் எழுதியது.)

ஆ. மாமா என்னைக் கட்டிக்கொண்டு அழுகிறார். (அவர் யாரையும் கட்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. ஸ்டேஷனில் கை குலுக்குவார்.)

நடந்தது இது. ஹாலுக்குள் வந்ததும் வெறும் பலகையைப் பார்த்தார். பயனெட் இருந்த இடம் மட்டும் கறுக்காமல் இருந்தது.

"எங்க?"

மேசையில் செய்தித்தாளை விரித்தேன். ஒரு பக்கம் பிடியில்லாத பழைய அலகு. மறுபக்கம் கத்தி.

"யாரக் கேட்டு அறுத்தீங்க?"

"சிந்து வரஞ்சது, மாமா."

தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு குறிப்பாகப் படித்தார். பிறகு குமிழில் இருந்த பட்டனை அழுத்தினார். டிக்.

"பயனெட்டு வூட்டுக்கு வந்த நாள்லருந்து அவ இத அழுத்திக்கினே இருப்பா. ஸ்பிரிங் போயிடும்டின்னு கத்துவேன். போவல பாருங்க."

கத்தியை எடுத்தார். இடது கையில்.

"மாமா, நீங்க..."

"பொறந்தது இடது கைதான். ரைபிளுக்காக வலதுக்கு மாத்திக்கினேன். அவ ஸ்கூல்ல இடது கையால எழுதறான்னு மிஸ் கூப்ட்டு அனுப்பிச்சாங்க. எழுதட்டும் வுடுங்கன்னு நான்தான் சொன்னேன்."

பள்ளத்தில் அவர் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. (வசதிக்காக ஜோடித்தேன் என்பீர்கள். ஜோடிப்பதாக இருந்தால் என்னையே இடது கைக்காரனாக்கியிருப்பேன்.)

"காய் இன்னா இருக்குது?"

"ஒண்ணும் இல்ல மாமா. ஆபீஸ் கேன்டீன்லதான் சாப்பாடு."

"எட்டு மாசமாவா?"

தலையாட்டினேன்.

"இன்னா மாப்ள, இவ்ளோ பெரிய கத்தி செஞ்சீங்களே, வெட்ட ஒரு காய் வாங்கி வைக்கத் தோணலியா?"

சிரித்தேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது.

5

இதை ஹாலில் உட்கார்ந்து எழுதுகிறேன். மார்க்கெட் போய் வந்துவிட்டோம். பரங்கிக்காய், சின்ன வெங்காயம், ஒரு கிலோ அரிசி. அவர் சமையலறையில் வெட்டுகிறார். கத்தி சிக்காமல் வெட்டுப்பலகைவரை இறங்குகிற சத்தம் கேட்கிறது.

கத்தி வேலூருக்குப் போகுமா, இங்கேயே இருக்குமா? அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் கைக்குப் பொருந்துகிறது. ஆனால் நானும் இடது கையால் வெட்டப் பழகலாம், அவர் வலதுக்கு மாறவில்லையா? இதை நீங்கள் தீர்மானியுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம்.

"மாப்ள, ரெண்டு பேருக்கு அரிசி எவ்ளோ போட?"

மறந்துவிட்டது.

"குக்கரு எங்க வெச்சிருக்கீங்க?"

அது தெரியும். எழுந்து