மேஸ்திரி பொண்டாட்டி

மரக்காணம் உப்பளத்தில் லாரன்ஸ் மேஸ்திரி. அவன் மனைவி இன்னாசிமேரியும் அங்கேதான் உப்புச் சுமக்கிறாள். வேலை நேரத்தில் மற்றவர்களைப் போல அவளும் அவனை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவாள். பொண்டாட்டிக்கு மட்டும் சலுகை என்று ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது என்பதில் லாரன்ஸுக்கு அப்படி ஒரு பிடிவாதம்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்த கையோடு வெயில் கொளுத்த ஆரம்பித்துவிட்டது. மதியத்தில் வெளியே வேலை செய்யாதீர்கள் என்று போனுக்கு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. லாரன்ஸ் படித்துப் பார்த்துவிட்டு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். லாரி வந்து நின்றிருந்தது. சாயங்காலத்துக்குள் உப்பு ஏறியாக வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

முந்தின நாள்தான் கூட உப்புச் சுமக்கும் அமராவதி, "தலை சுத்துது மேஸ்திரி, கொஞ்சம் குந்திக்கிறேன்" என்று கேட்டாள். "எல்லாருக்குந்தான் சுத்துது, போய் வேலையப் பாரு" என்று அவளைத் திருப்பி அனுப்பியிருந்தான்.

அதனால், உச்சி வெயிலில் இன்னாசிமேரி கூடையை இறக்கிவிட்டுக் கொட்டகைப் பக்கம் வந்தபோது, அவன் கண் முதலில் அமராவதியைத் தேடியது. அவள் வரப்பிலிருந்து பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

"மேஸ்திரி, ஒரு மாதிரியா இருக்குது. வாந்தி வர்ற மாதிரி... கொஞ்ச நேரம் உள்ள உக்காரட்டா?"

நிழலில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தவன், எல்லார் காதிலும் விழட்டும் என்று உரக்கச் சொன்னான்: "நடிக்காத. போ."

அவள் ஒரு கணம் அவனைப் பார்த்தாள். "சரிங்க" என்று போய்க் கூடையைத் தூக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் வெறும் கூடையோடு, லாரி நின்ற பக்கம் போகாமல், வாய்க்கால் பக்கம் நடந்தாள். "கிறிஸ்டி, கதவத் தொறடி" என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்துச் சொன்னாள். கிறிஸ்டி அவர்கள் மகள்; பாண்டிச்சேரியில் நர்சிங் படிக்கிறாள். அடுத்த அடியில் இன்னாசிமேரி சாய்ந்துவிட்டாள்.

லாரன்ஸ் ஓடிப்போய்த் தொட்டான். உடம்பு அடுப்பாகச் சுட்டது. பொட்டு வேர்வை இல்லை. கையிலிருந்த மோரை அவள் வாயில் ஊற்றப் போனான்.

"ஊத்தாதீங்க! நெனவு இல்லாதப்ப குடுக்கக் கூடாதாம்!" அமராவதி அதற்குள் 108-க்குப் போன் போட்டிருந்தாள். போனில் அவர்கள் சொல்லச் சொல்ல அவள் கத்தினாள். "நெழலுக்குத் தூக்குங்க. உடம்பு பூரா தண்ணி ஊத்தணுமாம். விசிறுங்க."

குடிக்க வைத்திருந்த டிரம் தண்ணீர் மொத்தமும் இன்னாசிமேரி மேல் கவிழ்ந்தது. பெண்கள் முந்தானையால் விசிறினார்கள். ஒருத்தி ரோட்டுக்கு ஓடி, மீன் ஏற்றிப்போன ஆட்டோவை மறித்து ஐஸ் வாங்கி வந்தாள். மீன் நாற்றத்தோடு அதைக் கழுத்திலும் அக்குளிலும் வைத்தார்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, "மேரி, மேரி" என்பதைத் தவிர லாரன்ஸ் வாயில் எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்தான் அவளுக்குத் தெளிந்தது. சலைன் பாட்டிலை மாற்ற வந்த நர்ஸ், "தலை சுத்துனப்பவே யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாம்லம்மா?" என்று கடிந்துகொண்டாள்.

"சொல்லலைங்க. எனக்கே தெரியல" என்றாள் இன்னாசிமேரி.

கட்டில் ஓரமாக நின்ற அமராவதி, லாரன்ஸைப் பார்த்தாள். அவன் குனிந்துகொண்டான். நர்ஸ் போய்விட்டாள். உயிருக்குப் போராடிவிட்டு வந்தவள் கண் திறந்ததும் புருஷன் மானத்தைக் காப்பாற்றுகிறாள்; தான் அதை வாங்கி வைத்துக்கொண்டு நிற்கிறோம் என்று நினைக்க நினைக்க அவனுக்கு உடம்பு கூசியது.

இருட்டும் நேரத்தில் கிறிஸ்டி பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். அவளும் அதையே கேட்டாள். "ஏம்மா, முன்னாடியே சொல்றதுக்கு என்னா?"

"தெரியலடி..."

"சொன்னா," என்றான் லாரன்ஸ். "என்கிட்டதான் சொன்னா. நடிக்காதன்னு நான்தான் வெயில்ல அனுப்பிட்டேன். நேத்து அமராவதியையும் அப்படித்தான் அனுப்புனேன்."

"அதை எதுக்கு இப்ப" என்று இன்னாசிமேரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிறிஸ்டி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். ஈரத் துணியைப் பிழிந்து அம்மா நெற்றியில் போட்டாள்.

அவன் வெளியே போய் முதலாளிக்குப் போன் போட்டான். நாளையிலிருந்து விடிகாலையில் இறங்கி, வெயில் ஏறுமுன் எல்லாரையும் கரையேற்றிவிடுவேன் என்றான். அவர் கத்தினார். "இல்லன்னா வேற மேஸ்திரியப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டான்.

திரும்பி வந்தபோது கட்டில் பக்கத்துப் பெஞ்சில் கிறிஸ்டியும் அமராவதியும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. உட்காரட்டுமா என்று கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. மனைவியின் கால்மாட்டில் நின்றுகொண்டான்.