சகலையின் தலை வெளிச்சம்

தைலக்காரருக்குத் தன் சகலையின் வழுக்கையைப் பார்த்தாலே வயிறு எரிந்தது. உலகத்தில் வழுக்கையைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஒரே கூந்தல் தைல வியாபாரி அவராகத்தான் இருப்பார்.

அவருடைய முடியோ லேசுப்பட்டதல்ல; சகலை அவருக்கு வைத்த பட்டப்பெயரே ‘சுருட்டை’தான். சுருள் சுருளாக, கருகருவென்று, உள்ளே போன சீப்பு திரும்பிவர வழி கேட்க வேண்டும். ஒருநாள் பேனாவைத் தேடித் தலைக்குள் கைவிட்டபோது, போன வருடம் தொலைத்த பீரோ சாவியும் சேர்ந்து வந்தது. அந்தத் தலையின் படம்தான் அவர் விற்ற புட்டி ஒவ்வொன்றிலும் சிரித்துக்கொண்டிருந்தது.

எல்லாம் மாமனார் வாங்கிவந்த, கையில் பிடித்து ஆடும் வீடியோ விளையாட்டுப் பெட்டிகளால் வந்த வினை. பழைய சாமான் கடையில் ஜோடியாகக் கிடைத்தன. செங்கல் கனம், சாம்பல் நிறம். இடது கட்டைவிரலுக்கு ஒரு கூட்டல் குறி, வலது கட்டைவிரலுக்கு இரண்டு சிவப்புப் பொத்தான்கள், முதுகில் நான்கு பேட்டரி. திரை பாசி பிடித்த குளத்து நிறம். அதற்குள் விளக்கு கிடையாது. உழைப்பில் மட்டும் அசுரன். சகலை, அதாவது பஸ் கண்டக்டரான மூத்த மாப்பிள்ளை, ஒருநாள் தன் பெட்டியைப் பஸ்ஸின் பின்சக்கரத்துக்கடியில் தவறவிட்டார். பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டயரைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

இரண்டு பெட்டியையும் ஒரு வயரால் இணைத்தால் இரண்டு பேர் மோதலாம். மேலிருந்து கட்டைகள் விழும். வரிசையை நிரப்பி அழித்தால் எதிராளியின் குவியல் உயரும்; அது திரையின் உச்சியைத் தொட்டால் அவர் தோற்றார். வயர் குட்டை. அதனால் மருமகன்கள் இருவரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்துதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பகையை வளர்த்தார்கள்.

மாமனார் ஒரு சட்டம் போட்டிருந்தார். ஜெயித்தவர்தான் அந்த வாரம் முழுக்க மாப்பிள்ளை. தோற்றவருக்கு அந்தப் பட்டம் கிடையாது.

"மாப்பிள்ளை, இந்தாங்க காபி," என்று கண்டக்டரிடம் டம்ளரை நீட்டுவார். "தைலக்காரரே, உங்களுதும் இருக்கு. அடுப்படியில போய் எடுத்துக்குங்க."

கல்யாணமாகி வந்த வீட்டில் வியாபாரிபோல நிற்பதா? போதாததற்கு, கண்டக்டர் ஜெயித்ததும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பாட்டு வரும். அந்தக் கண்றாவியைக் கேட்க வேண்டாமென்று தைலக்காரர் தன் பெட்டியின் இடப்பக்கத்தில் இருந்த சின்னச் சக்கரத்தைக் கடைசிவரை திருகிவைத்தார். பாட்டு குறையவில்லை. மாமா வேண்டுமென்றே தனக்கு ஓட்டைப் பெட்டியைத் தள்ளிவிட்டதாக அதற்கும் ஒரு பொருமல்.

திரையில் கட்டைகள் ஆவிபோல மங்கலாக இறங்கின. வெளிச்சம் போதவில்லை என்று ஜன்னலோரம் இடம் மாற்றிப் பார்த்தார். அங்கேயும் தோல்வி. சகலையோ எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஜெயித்தார். ஒரு ஞாயிறன்று, குனிந்திருந்த அந்த வழுக்கையின் பளபளப்பு நேராகத் திரைமேல் இறங்குவதைத் தைலக்காரர் கண்டுபிடித்துவிட்டார். அந்தத் தலை சாமானியமானதா? மொட்டை மாடியில் கண்டக்டர் தூங்கினால் காக்காய்கள் தண்ணீர் குடிக்க இறங்கும்.

"விளக்கைத் தலையிலேயே வச்சுக்கிட்டு வர்றான், படுபாவி," என்றார் மனைவியிடம். "எனக்கு இந்தப் புதர் வெளிச்சத்தையெல்லாம் குடிச்சிடுது."

"ஏங்க, அந்தப் புதர்தாங்க நமக்குச் சோறு போடுது!"

"சோறு கிடக்குடி. ஒரு வாரமாவது உங்கப்பா வாயால மாப்பிள்ளைன்னு கேட்டுட்டுச் சாகணும்."

அடுத்த ஞாயிறு காலையில் சலூன்காரர் மூன்று கத்தியை மழுக்கி அந்தத் தலையைச் சிரைத்தார். முடியை அள்ளிக்கொண்டு போக இரண்டு சாக்கு தேவைப்பட்டது. மேலே தன் தைலத்தையே பூசி, துணி போட்டுத் தேய்த்து, தைலக்காரர் மாமனார் வீட்டுக்குள் நுழைந்தபோது கண்டக்டர் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"என்ன சகலை, சரக்கு திருப்பி அடிச்சிடுச்சா?"

"வாயை மூடிக்கிட்டு வயரை மாட்டுங்க."

முதல் ஆட்டம் போயிற்று. தலை ஜொலித்தது, கட்டைகள் ஆவியாகவே இருந்தன. தைலக்காரரின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கண்டக்டருக்கே மனசு கேட்கவில்லை. எட்டிப் பார்த்தவர் திடுக்கிட்டார்.

"ஏன் சகலை இப்படி வெளிறிக் கிடக்கு? இந்தச் சக்கரத்தை ஏன் இப்படித் திருகி வச்சிருக்கீங்க?"

"அது சத்தத்துக்கு."

"சத்தத்துக்கு வலப்பக்கம் சகலை! இது படத்தைக் கருப்பாக்குறது. இத்தனை நாளா படமே இல்லாமலா என்கூட ஆடுனீங்க?"

சக்கரத்தைத் திருப்பியதும் கட்டைகள் மை தொட்டு எழுதியதுபோலத் தெரிந்தன. தைலக்காரர் மொட்டைத் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு ஆட்டத்தில் இறங்கினார். கண் தெரியாமலே பழகிய விரல்களுக்குக் கண் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? கண்டக்டரின் குவியல் கூரையைத் தொட்டது. பாட்டு பாடியது. முதல்முறையாக அது நல்ல பாட்டாகத்தான் இருந்தது.

"மாமா, சுருட்டை ஜெயிச்சிட்டார்!" என்று கண்டக்டரே கத்தினார்.

மாமனார் காபியோடு வந்தார். அவருக்குக் கண்ணில் புரை. மருமகன்களை முடியை வைத்துத்தான் இத்தனை வருடமும் அடையாளம் பார்த்து வந்தார். எதிரே இரண்டு வழுக்கைகள் பளபளத்தன. கொஞ்சம் தடுமாறினார். பிறகு அலமாரியில் இருந்த தைலப் புட்டி கண்ணில் பட்டது. அதிலிருந்த சுருட்டை முடி அவருக்கு நன்றாகவே தெரிந்தது.

முகமெல்லாம் மலர, டம்ளரை அதன் எதிரே வைத்தார்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார். "ஜெயிச்சிட்டீங்களாமே! சூடு ஆறதுக்குள்ள குடிங்க."

கண்டக்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தைலக்காரருக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. புட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவனை முறைத்தபடியே உட்கார்ந்திருந்தார். வயிறு பழையபடி எரியத் தொடங்கியது.