வெல்டு வைத்த சீட்

என் கொழுந்தன் அந்தோணிராஜ் ஆறடிக்கு மேல் உயரம். அது அவன் குற்றமில்லை. அந்த உயரத்தை வைத்துக்கொண்டு என் பிழைப்பில் மண்ணைப் போட்டதுதான் குற்றம். அவனை மன்னித்துவிடும்படி பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதர் சொன்னார். சரி ஃபாதர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மன்னிக்கவில்லை.

பிக்கப் வண்டி எங்களுடையது. நானும் என் வீட்டுக்காரர் பிரகாசமும் என் நகையையெல்லாம் விற்று வாங்கினோம். கோவில்பதாகையில் எங்களுக்கு வாடகைக் கடை. இரும்பு நாற்காலி, அண்டா, குண்டான் எல்லாம் கிடைக்கும். ஆவடி குவார்ட்டர்ஸில் எந்தக் கல்யாணம், காதுகுத்து நடந்தாலும் ஜனங்கள் எங்கள் நாற்காலியில்தான் உட்காருவார்கள்.

பிரகாசம் எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஓட்டுவதற்கு முன்னால் உட்காரக் கற்றுக்கொடுத்தார். சீட்டுக்கு அடியில் இருக்கும் லீவரை இழுத்து சீட்டை முன்னால் தள்ளினார். கிளட்சை அடிவரைக்கும் மிதிக்கச் சொன்னார். மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும், முதுகு சீட்டை விட்டு எழும்பக் கூடாது, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் படவேண்டும். எனக்குச் சீட்டு ஆக முன்னால் வந்தால்தான் இத்தனையும் சரியாக இருந்தது.

"சட்டை போடறா மாரி வண்டிய மாட்டிக்கணும் ஞானம்" என்றார். "எங்கனா புடிக்குதுன்னா சீட்ட நகத்து. ஒடம்ப வளைக்காத."

மஞ்சள்காமாலை அவரைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்த மாதமே நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டேன். கடையில் நான் இருக்கவேண்டிய நாட்களில் அந்தோணி ஓட்டுவான். கூலி வாங்கிக்கொள்வான். ஒவ்வொரு முறையும் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டுப் போவான், நான் ஏறி முன்னால் இழுத்துக்கொள்வேன். இதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. அவனுக்குத்தான் அண்ணி ஓட்டுகிற வண்டியைத் தானும் ஓட்டுவது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

ஒருநாள் வண்டியை சி.டி.எச். ரோட்டில் இருக்கும் வரதனின் வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனான். சீட்டை ஆகப் பின்னால் தள்ளி, அது நகருகிற தண்டவாளத்தோடு சேர்த்து வெல்டு வைத்துவிட்டான். என்னிடம் தண்டவாளம் தேய்ந்து சீட்டு ஓடுகிறது என்று சொன்னான். டீக்கடையில் வேறு மாதிரி சொன்னான். தான் வைத்த வெல்டை எவனாலும் அசைக்க முடியாது, இனிமேல் அந்தப் பொம்பளை எப்படி ஓட்டுகிறாள் பார்க்கலாம் என்று சிரித்தானாம். அந்தச் சிரிப்பு அன்றைக்கே என் வீடு வரைக்கும் வந்து சேர்ந்தது.

நான் விடவில்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து ஓட்டினேன். தலையணைக்கு என்ன தெரியும்? கிளட்சை அழுத்தினால் அது நசுங்கி, கடைசி ஒரு அங்குலம் காலுக்கு எட்டாமல் போய்விடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரம், மாதா கோயில் வாசல் திருப்பத்தில் கியர் மாற்றினேன். கிளட்ச் முழுசாக இறங்கவில்லை. கியர் அலறியது, வண்டி துள்ளியது, பின்னால் இருந்த நாற்காலிகள் அத்தனையும் சரிந்து ரோட்டில் விழுந்தன.

அந்தோணி கூட்டத்திலிருந்து அவசரமே இல்லாமல் வந்தான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"வண்டி ஓட்ட காலு ஓணும் அண்ணி. வீம்பு மட்டும் இருந்தா பத்தாது."

சிரித்தார்கள். என் வீட்டுக்காரரின் அடக்கத்துக்கு அழுதவர்களும் சிரித்தார்கள். அவன் கையை நீட்டினான். நான் சாவியைக் கொடுத்தேன்.

அதன்பிறகு வண்டி அவனுடையதாகிவிட்டது. பூந்தமல்லி, மாங்காடு என்று சொந்தமாக லோடு அடித்தான். என் நாற்காலியைக் கொண்டுபோக நான் அவன் வீட்டு வாசலில் போய் நிற்கவேண்டும். முன்கண்ணாடியின் மேலே 'பிரகாசம்' என்று எழுதியிருந்ததைச் சுரண்டிவிட்டு 'அந்தோணிராஜ்' என்று எழுதிக்கொண்டான். அதைப் பார்த்த அன்றுதான் இவனைச் சும்மா விடுவதில்லை என்று முடிவு செய்தேன். ரகசியமாக சீட்டை மாற்றினால் மறுநாளே அவன் திரும்ப மாற்றிவிடுவான். ஊர் பார்க்க வாங்கிய அடியை ஊர் பார்க்கத்தான் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

செப்டம்பரில் மாதா திருவிழா வந்தது. எங்கள் கோயிலில் தேரென்றால் இந்த பிக்கப்தான். பின்னால் பைப்பில் கூண்டு கட்டி, சீரியல் பல்பும் பூவும் சுற்றி, நடுவில் மாதா சுரூபத்தை ஏற்றுவோம். ஃபாதர் சாவியை மந்திரித்து, பீடத்தின் முன்னால் வைத்து ஓட்டுகிறவர் கையில் கொடுப்பார். தேர் கிளம்பிவிட்டால் கோயிலுக்குத் திரும்பும்வரை அவர் இறங்கக்கூடாது. தெருத்தெருவாக ஃபர்ஸ்ட் கியரில், அரை கிளட்சில், நடக்கிறவர்களின் வேகத்தில் ஓட்டவேண்டும். பிரகாசம் வருஷா வருஷம் ஓட்டினார். இந்த வருஷம் அந்தோணி வெள்ளைப் பட்டுச்சட்டை தைத்துவைத்திருந்தான்.

முந்தின நாளே வண்டியை ஜோடிக்கக் கோயில் வளாகத்தில் விட்டுவிட்டுப் போனான். ஜோடிப்பது மாதா சபைப் பெண்களான எங்கள் வேலை. கூண்டுக்கு பைப் ஒட்ட வரதன் மெஷினோடு வந்திருந்தான். மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் நான் அவனிடம் போய், சீட்டை அறுத்து ஆக முன்னால் வைத்து ஒட்டவேண்டும் என்றேன்.

தண்டவாளம் தேயவே இல்லை என்பது வரதனுக்கு அன்றைக்கே தெரியும். வெல்டு வைக்க பேட்டரி வயரைக் கழற்றினான்.

"ஸ்ட்ராங்கா வைக்கட்டா அக்கா?"

"செத்தாலும் கழலக்கூடாது" என்றேன்.

அப்புறம் நான் மேலே ஏறி மாதா சுரூபத்துக்குக் கட்டியிருந்த கயிறுகளின் மேல் இன்னும் இரண்டு சுற்றுக் கட்டினேன். நாளைக்குக் கொஞ்சம் ஆட்டம் இருக்கும் தாயே, பொறுத்துக்கொள் என்று சொல்லிக்கொண்டே முடிச்சை இறுக்கினேன்.

மறுநாள் சாயங்காலம் பேண்டு முழங்க அந்தோணி சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கதவைத் திறந்து ஏறினான். ஏறியவன் பாதியிலேயே நின்றான். எப்படியோ உடம்பை மடக்கி உள்ளே நுழைந்ததும் இரண்டு முழங்காலும் ஸ்டீரிங்குக்கு இரண்டு பக்கமும் ஏறி நின்றன. குனிந்து லீவரைத் தேடினான். நிமிர்ந்தபோது, மெழுகுவர்த்தியோடு நின்ற பெண்களுக்கு நடுவில் என்னைப் பார்த்தான். நான் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

வேட்டு போட்டுவிட்டார்கள். இறங்க வழியில்லை. கிளம்பினான்.

முதல் தெருவிலேயே வண்டி குலுங்கி ஆஃப் ஆனது. கிளட்சிலிருந்து காலை மெதுவாக எடுக்க முழங்காலுக்கு மேலே இடமில்லை. முழங்காலை வெளியே விரித்தால் கதவுக் கைப்பிடி குத்துகிறது. திரும்பக் கிளப்பினான், திரும்ப ஆஃப் ஆனது. மாதா முன்னும் பின்னும் ஆட, பெண்கள் ஐயோ என்றார்கள். கயிறு தாங்கியது. தண்ணித்தொட்டித் திருப்பத்தில் ஸ்டீரிங்கை ஒடிக்க முடியாமல் வண்டி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. அவன் இடது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகினான். பட்டுச்சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

ஃபாதர் ஜன்னலுக்குப் போய் என்னவென்று கேட்டார். சீட்டை யாரோ வெல்டு வைத்துவிட்டார்கள் என்றான்.

கூட்டத்திலிருந்து ஒருத்தர் சொன்னார். "நீதானபா வெச்ச? எவனும் அசைக்க முடியாதுன்னு நீதான சொல்லிகினு இருந்த."

இந்த முறை எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். இல்லை, நான் பின்னால்தான் வைத்தேன், அண்ணி ஓட்டக்கூடாதென்று வைத்தேன் என்று மாதா முன்னால் எப்படிச் சொல்வான்?

வேறு யாரால் இந்த வண்டியை ஓட்ட முடியும் என்று ஃபாதர் கேட்டார். நான் மெழுகுவர்த்தியைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனேன். ஃபாதர் அவனிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் வைத்தார். அவன் கதவைப் பிடித்துக்கொண்டு, நிற்க முடியாமல் இறங்கினான். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"வண்டி ஓட்ட காலு ஓணும் தம்பி. வீம்பு மட்டும் இருந்தா பத்தாது."

ஏறி உட்கார்ந்தேன். முதுகு சீட்டில் படிந்தது, கிளட்ச் அடிவரைக்கும் போனது, மணிக்கட்டு ஸ்டீரிங்கின் உச்சியில் பட்டது. பிரகாசம் பக்கத்தில் இருந்தது போலவே இருந்தது. எல்லாத் தெருவும் சுற்றிக் கோயிலுக்குத் திரும்பும்வரை ஒரு குலுக்கல் இல்லை. பக்கக் கண்ணாடியில் அவன் நொண்டிக்கொண்டே வருவது தெரிந்தது. அதையும் அவ்வப்போது பார்த்துக்கொண்டேன். அத்தனை சந்தோஷமாக இருந்தது.

சாவி என் இடுப்பிலேயே தங்கியது. மறுநாள் காலையில் அந்தோணி வந்தான். வெல்டை எடுத்துவிட்டுப் பழையபடி லீவர் போடலாம், இரண்டு பேரும் ஓட்டலாம் என்று தணிந்த குரலில் சொன்னான். நியாயமான பேச்சுதான். மாதக்கணக்கில் தாமதமாக வந்த நியாயம். வெல்டு வைத்தது வைத்ததுதான் என்றேன். வேலை வேண்டுமென்றால் பின்னால் நாற்காலிகளோடு ஏறிக்கொள்ளலாம், ஏற்றி இறக்க எனக்கு ஆள் வேண்டும் என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கம் போனான். நான் கூப்பிட்டு நிறுத்தினேன். கடைக்குள்ளிருந்து ஒரு பிளேடை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடியில் இருந்த அவன் பெயரை அவனே சுரண்டி முடிக்கும்வரை, என் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.