புது ஹாலுக்கு ஆட்கள்

எங்கள் கால் சென்டர் வளர்கிறது என்று காட்ட இரண்டாவது மாடியில் புது ஹால் திறந்தார்கள். முந்நூறு பேருக்கு வேலை என்று வாசலில் பேனர். உள்ளே நாற்காலிகள் இருந்தன, ஆள்தான் இல்லை. எங்களுக்கு ஆர்டர் தரும் பெரிய கம்பெனிக்காரர்கள் மறுநாள் பார்க்க வருகிறார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, யாரா இருந்தாலும் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. ஒரு நாள் கூத்துதான்."

சூப்பர்வைசர் என்ற பெயரில் நான் பார்க்கும் உத்தியோகம் இதுதான்.

வீட்டில் மச்சான் சும்மா இருந்தார். மனைவியின் அண்ணன். வேலை பார்த்த துணிக்கடை மூடியதிலிருந்து எங்களோடுதான் ஜாகை. சாப்பிட்ட தட்டைக்கூடச் சத்தம் வராமல் வைப்பார். "நாளைக்கு எங்க ஆபீசுக்கு வாங்க மச்சான்" என்று மட்டும் சொன்னேன். எதற்கென்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்க அண்ணனுக்கு வேலை வாங்கிக் குடுத்துட்டீங்களா!" மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இளித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் மச்சான் சலவைச் சட்டையில் வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பயிற்சி என்று சொல்லி வைத்தபடி வாயசைத்தார். வந்தவர்கள் அவர் கையைக்கூடக் குலுக்கினார்கள். கார்கள் கிளம்பியதும் எல்லோரையும் பின்வாசல் வழியாக அனுப்பினோம். மச்சான் முகத்தில் விழிக்கத் துணிச்சலின்றி நான் மாடிப்படியில் ஒளிந்து நின்றேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்குப் போனால், மனைவி பக்கத்து வீடு வரை சொல்லி முடித்திருந்தாள். "அண்ணன் எல்லாம் சொன்னாரு. நாளையிலேர்ந்து தினமும் வரச் சொல்லிட்டாங்களாமே!"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மச்சானை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனேன்.

"மச்சான், அது வந்து..."

"ஹெட்போன் வயர் எதுலயும் சொருகலையே மாப்பிள்ளை. உக்காந்ததுமே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏன் அவகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, உன் புருஷன் என்னை ஏமாத்திட்டாருன்னா சொல்லச் சொல்றீங்க? காலையிலேர்ந்து உங்களைத் தலையில தூக்கி வெச்சு ஆடிக்கிட்டிருக்கா. இருந்துட்டுப் போகட்டும்."

அவர் செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

காலையில் மனைவி இரண்டு டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்தாள். மச்சான் பைக்கில் என் பின்னால் ஏறிக்கொண்டார். அவள் வாசலில் நின்று கையசைத்தாள். தெரு திரும்பியதும் அவர் என் தோளைத் தட்டினார்.

"இங்கயே இறக்கி விட்டுடுங்க மாப்பிள்ளை. நாலு கடையில வேலை கேட்டுப் பாக்கறேன். சாயங்காலம் நீங்க எத்தனை மணிக்குக் கிளம்புவீங்க? சேர்ந்தே வீட்டுக்குப் போயிடலாம்."