தொடக்கூடாத குடம்

டோல்கேட் பக்கம் ஒரு பழைய குடோனில் இருக்கும் நவீன கலை மியூசியத்துக்கு நான்தான் இயக்குநர். நுழைவு இலவசம், ஏசியும் உண்டு. அப்படியும் ஈ, காக்கா எட்டிப் பார்க்கவில்லை. தப்பித் தவறி வந்தவர்களும் ‘தொடாதீர்கள்’ என்ற பலகையைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள்.

இந்த மாதம் டெல்லியிலிருந்து நிகில் என்ற கலைஞர் வந்தார். பிளாஸ்டிக் குடங்களை ஹாலிலிருந்து வாசல் வரை வரிசையாக வைத்து, ‘தாகம்’ என்று பெயரிட்டார். அர்த்தம் கேட்டது என் தப்பு. விட்டால் போதுமடா சாமி என்றாகிவிட்டது.

மறுநாள் காலை வந்தால், வாசலில் ஊரே நிற்கிறது. பக்கத்துச் சந்து சொக்கம்மாள் குட வரிசையைப் பார்த்ததும் தண்ணி லாரி வருகிறது என்று நினைத்து, தன் குடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் வைக்க, வரிசை தெருமுனையைத் தாண்டிவிட்டது.

நிகில் பதறிப்போய்த் தன் முதல் குடத்தைத் தூக்கக் குனிந்தார்.

“யோவ், கை வெச்சே, ஒட்ச்சிருவேன்!” என்று சொக்கம்மாள் பாய்ந்தாள். “ஆளு இல்லாங்காட்டி, அவங்க குடத்த எட்த்துருவியா?”

“அது என்னுடையது!”

“உன்னுதா? அப்போ கம்முனு அது பின்னாடி நில்லு.”

நிகில் நின்றார்.

சொக்கம்மாள் என் பக்கம் திரும்பினாள். “இன்னா ரூபினா மேடம், லாரி எப்போ வரும்?”

ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணி லாரிக்குப் போன் போட்டேன்.