இரைச்சலைக் கழற்றுதல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தோழியின் வீட்டு வாசலிலிருந்து திருடியது.

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை காலை சிங்கப்பெருமாள் கோயிலில் கோதையின் வீட்டுக்குப் போயிருந்தேன். செங்கல்பட்டில் ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறோம். நான் கணக்கு, அவள் சமூக அறிவியல். கதவு திறந்திருந்தது. ஹாலில் அவள் கணவர் ஹரிசங்கர் தரையில் மண்டியிட்டிருந்தார். எதிரே பக்கத்துத் தகடு கழற்றப்பட்ட கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரின் முனையை உள்ளே எதன்மீதோ வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கோதை காபி டம்ளருடன் நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அசைந்தன. அவர் திரும்பவில்லை. டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர் எதற்காக அந்த இயந்திரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"கோதை ஊமையாகிவிட்டாள்." பொய். அடித்தாயிற்று.

"குரல் என்பது ஒருவர் இன்னொருவரின் காதுக்குள் கட்டுகிற" எதைக் கட்டுகிற? வீடா, கோயிலா? பள்ளி ஆண்டுவிழாப் பேச்சு மாதிரி இருந்தது. பாதியில் விட்டேன்.

"கழுத்தில் ஒரு கட்டி." இது உண்மை. இங்கிருந்தே போகலாம்.

கோதைக்குத் தைராய்டு கட்டி. போன வருஷம் அக்டோபரில் அறுத்து எடுத்தார்கள். கட்டியில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் தொண்டைக்குள் இருக்கும் இரண்டு குரல்நாண்களில் ஒன்று அசையாமல் நின்றுவிட்டது. சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஆறு மாதத்தில் தானாகவே சரியாகலாம் என்றார்கள். சரியாகவில்லை. அதற்குமுன் மாடி வகுப்பில் அவள் பானிபட் போர் நடத்தினால் கீழே என் வகுப்பில் குதிரைகள் ஓடும். இப்போது அவள் பேசினால் காற்று மட்டும்தான் வருகிறது. ஓரடி தூரத்தில் நின்றால் சொற்கள் புரியும். மூன்றடியில் உதடுதான் தெரியும். பள்ளியில் அவளை நூலக அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

[இங்கே எனக்கு ஒரு சிக்கல். அச்சில் எல்லாக் குரலும் ஒரே சத்தம். கத்தினாலும் முணுமுணுத்தாலும் எழுத்து ஒரே அளவுதான். அதனால் கோதை பேசுவதை வளைந்த அடைப்புக்குறிக்குள் போடுகிறேன். என் குறுக்கீடுகளுக்கு இந்தச் சதுர அடைப்பு. வளைந்த அடைப்புக்குள் இருப்பதை வாசகர்கள் தாண்டிப் போய்விடுவது வழக்கம். தயவுசெய்து தாண்டாதீர்கள்.]

3

ஹரிசங்கர் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்குக் கட்டட வரைபடங்கள் போடுகிறவர். வேலை வீட்டிலிருந்துதான். எட்டு வருஷத்துக்கு முன் அவரே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் அது. பெரிய வரைபடத்தைத் திறந்தால் பக்கத்து வீட்டு மிக்ஸியில் துவையல் அரைக்கிற மாதிரி இரையும். அந்த மேசை ஹாலில். சமையலறை வாசல் அவர் முதுகுக்குப் பின்னால், ஏழெட்டு அடி.

முதல் வடிவத்தில் அவரைக் கல்நெஞ்சுக்காரர் ஆக்கியிருந்தேன். பெண்டாட்டி குரல் போய் நிற்கும்போது இயந்திரத்தைக் கொஞ்சிக்கொண்டிருக்கிற ஆள். எழுதியதைக் கோதையிடம் கொடுத்தேன். தோழியின் கதையைத் தோழிக்குத் தெரியாமல் வைத்திருக்க மனம் வரவில்லை. அவள் சிவப்புப் பேனாவை எடுத்தாள். பதினாறு வருஷப் பழக்கம். ஓரத்தில் எழுதினாள்: "மிஸ், இவர் இப்படி இல்லை. இந்தப் பக்கம் முழுக்கத் தப்பு."

பிறகு, நூலக அறையில் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, ஜூலையில் நடந்ததைச் சொன்னாள்.

4

ஜூலையில் ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஹரிசங்கருக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது.

"சார், கோதை மேடம் குரலுக்கான ஆபரேஷன் வேணாம்னு ஏப்ரல்லயே சொல்லிட்டாங்க. ஃபைல மூடறதுக்கு முன்னாடி வீட்ல ஒருதடவ கேட்டுக்கச் சொன்னாரு டாக்டர். வேணாம்ங்கிறது உறுதிதானுங்களா?"

"எந்த ஆபரேஷன்?" என்றார் ஹரிசங்கர்.

போனை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தார். கோதை முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டாவதா ஒரு ஆபரேஷன் இருந்துச்சா? ஏன் எங்கிட்ட சொல்லல?"

"(சொன்னேன்.)"

"எப்ப?"

"(ஏப்ரல்ல. நீங்க வேலையா இருந்தீங்க. டாக்டர் இன்னொரு ஆபரேஷன் சொல்றாரு, வேண்டாம்னு சொல்லிடட்டான்னு கேட்டேன். சரின்னீங்க.)"

"நானா?"

"(ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டு தடவையும் சரின்னீங்க.)"

அவருக்கு எதுவும் நினைவில்லை. சமையலறை வாசலிலேயே நின்றார். ஹாலில் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பாதி போட்ட வரைபடம் அதோடு போயிற்று.

[என் கணவர் கூடத்திலிருந்து ஏதாவது கேட்டால் நானும் 'சரி' என்றுதான் சொல்வேன். என்ன கேட்டார் என்பது பாதி நேரம் தெரியாது. இதை எழுதியபின் இரண்டு நாள் ஒழுங்காகக் கேட்டேன். மூன்றாம் நாள் மறந்துவிட்டது.]

5

மறுநாளே ஹரிசங்கர் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்கு வந்தார். பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் சுஷ்மிதா என்பவர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். நாற்பதை நெருங்குகிறவர், வாயும் கையும் ஒரே வேகம். தகட்டைக் கழற்றியதும் தலையில் கை வைத்தார்.

"இன்னா சார், உள்ள ஒரு தலகாணிக்குப் பஞ்சு கீது! ஃபேனு மூச்சு வாங்கிகினு சுத்துது, பாவம்."

"சத்தமே வரக்கூடாது."

"அது எப்டி சார்? கம்ப்யூட்டர்னா கொஞ்சம் சத்தம் இருக்கும். அதுவும் வோணாம்னா ஆஃப் பண்ணி வெச்சிக்க வேண்டியதுதான்."

"என் வொய்ஃப் பேசறது எனக்குக் கேக்கணும்."

சுஷ்மிதா நிமிர்ந்தார். "உக்காருங்க சார்" என்று ஸ்டூலை நகர்த்தினார்.

அன்று தூசு போயிற்று. அந்த ஸ்க்ரூடிரைவர் வித்தையைச் சொல்லிக்கொடுத்ததும் சுஷ்மிதாதான். "எது கத்துதுன்னு காதால கண்டுபிடி சார். எல்லாத்தையும் மாத்திகினு இருக்காத." வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகத் தேடினார். சின்ன விசிறி வேகமாகச் சுற்றிக் கீச்சிட்டது. அதை எடுத்துவிட்டுப் பெரிய விசிறியை மெதுவாகச் சுற்றும்படி மாட்டினார். பழைய ஹார்ட் டிஸ்க் அதிர்ந்து, அந்த அதிர்வில் தகடும், தகட்டின் அதிர்வில் மேசையும் முனகின. அசையும் பாகமே இல்லாத புது டிஸ்க்குக்கு எல்லாவற்றையும் மாற்றினார். பவர் சப்ளைக்குள் ஒரு 'டிக் டிக்'. அதையும் மாற்றினார். அடியில் ரப்பர் கட்டைகள் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்த அந்தச் சனிக்கிழமை, இந்த வேலையின் நடுவில் ஒரு நாள். அவள் குரலைக் கேட்பதற்காக அவர் அவ்வளவு மும்முரமாக இருந்தார்.

ஆகஸ்டு கடைசியில் வீடு அமைதியாயிற்று. முதலில் மிஷின் ஓடுகிறதா என்றே அவருக்குச் சந்தேகம். பிறகு மேல்வீட்டில் நாற்காலி இழுப்பது கேட்டது. ஸ்டேஷனில் மின்சார ரயில் கிளம்புவது கேட்டது. குழாயில் சொட்டும் தண்ணீர் கேட்டது.

கோதை மட்டும் பேசவில்லை.

6

இந்த இடத்தில் கதையைப் பத்து நாள் நிறுத்திவைத்தேன். கோதையைப் பற்றி எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. குறை கணவரிடம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். அவர் அதைச் சரி செய்துவிட்டார். இனி அவள் பேச வேண்டியதுதானே? கதாபாத்திரம் என்றால் பேசவைத்திருப்பேன். "கோதை நெகிழ்ந்துபோய் அவர் தோளில்" என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பித்தேன். தோளோடு நிற்கிறது.

அவளிடமே கேட்டேன்.

"(நான் நெறைய பேசிக்கிட்டுதான் மிஸ் இருந்தேன். அந்தச் சத்தத்துக்குள்ள. அவர் முதுகுக்குப் பின்னால நின்னு பானிபட் போர் முழுக்க நடத்தியிருக்கேன். அவரத் திட்டியிருக்கேன். ஆஸ்பத்திரியத் திட்டியிருக்கேன். யாருக்கும் கேக்காதுன்னு தெரிஞ்சா தொண்டை பயப்படாது.)"

"இப்ப?"

"(இப்ப அவர் கேட்டுக்கிட்டே இருக்காரு. நான் வாயத் தெறந்தா நாற்காலியத் திருப்பி, கைய மடியில வெச்சுக்கிட்டு உக்காந்துடறாரு. பரிட்சை எழுதற மாதிரி இருக்கு. என்ன கொழம்புன்னு சொல்லக்கூட வரல.)"

"அப்ப ஏப்ரல்ல கேட்டது? அதுவும் அவருக்குக் கேக்கக்கூடாதுன்னுதானா?"

இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்ந்தாள்.

"(அது கேக்கணும்னுதான் கேட்டேன் மிஸ். அதனாலதான் ரெண்டு தடவ.)"

7

அடுத்து நடந்ததற்கு நான் சாட்சி இல்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். இரண்டும் ஒத்துப்போகாத ஒரே இடம், யார் முதலில் அழுதது என்பது. அதை விட்டுவிட்டேன்.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஹரிசங்கர் பைக்கை எடுத்தார். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஏன் அங்கே என்று கேட்டேன். "வீட்டுல அவளுக்கு மூச்சு முட்டுது மேடம், என்னால" என்றார். கடற்கரைக் கோயிலைத் தாண்டி வடக்கே, மீன் படகுகளைக் கரையேற்றி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தார்கள். அன்று அலை பெரிதாக இருந்தது. வேறு யார் பேசினாலும் கேட்காத இடம். கோதை பேசினாள்.

அவருக்கு ஒன்றும் விழவில்லை. குனிந்து, காதை அவள் வாயருகே கொண்டுபோனார். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு என்கிற அம்மாள் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா, காலங்காத்தால ரகசியமா? பேசு பேசு, நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன்."

கோதையும் சிரித்தாள். பிறகு, அதே சொற்களில் கேட்டாள்.

"(டாக்டர் இன்னொரு ஆபரேஷன் சொல்றாரு. வேண்டாம்னு சொல்லிடட்டா?)"

ஹரிசங்கர் காதை எடுக்கவில்லை. "எத நெனச்சுப் பயப்படற? கத்தியா?"

"(கத்தி இல்ல. செஞ்சும் வரலைன்னா? செய்யாத வரைக்கும், செஞ்சா வந்துடும்னு நெனச்சுக்கிட்டாவது இருக்கலாம்.)"



"எனக்கு இந்தக் குரலே போதும்னு சொல்லணும்னுதான் வழியெல்லாம் நெனச்சுக்கிட்டு வந்தேன்," என்றார். "பொய் சொல்ல வரல. பழைய குரல் எப்படி இருந்துச்சுன்னு மறந்துக்கிட்டே வருது கோதை. போன்ல தேடிப் பாத்தேன். யாரோ பொறந்தநாள்ல நீ 'கேக் வெட்டுங்க, கேக் வெட்டுங்க'ன்னு சொல்றது மட்டும்தான் இருக்கு. அதையே போட்டுப் போட்டுக் கேக்கறேன். நீ பக்கத்துலயே இருக்க, நான் உன்னத் தேடிக்கிட்டு இருக்கேன்."

"(எனக்கும் மறந்துபோச்சு)" என்றாள் கோதை. "(அத எனக்கு அனுப்புங்க.)"

அங்கேயே, மணலில் உட்கார்ந்தபடி, அந்த ஏழு விநாடிப் பதிவை இருவரும் ஆளுக்கொரு காதாகப் போனில் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவர் மருத்துவமனைக்குப் போன் செய்தார். ஆபரேஷனுக்கு நாள் கேட்டது அவள், அவள் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னது மட்டும் அவர்.

8

இனி முடிவு.

குரல் அப்படியே திரும்பிவிட்டது என்று ஒன்று எழுதினேன். என் கண்ணே அதை நம்பவில்லை. திரும்பவேயில்லை, இருந்தாலும் அவர்கள் நெருங்கிவிட்டார்கள் என்று இன்னொன்று. ஆறுதல் பரிசு மாதிரி இருந்தது. வேறு யாருடையதோ போல ஒரு புதுக்குரல் வந்து, அதோடு அவர்கள் பழக வேண்டியிருந்தது என்று மூன்றாவது. அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததாலேயே பயந்து அடித்துவிட்டேன். கோதையின் தொண்டை, எனக்குப் பிடித்தபடி இருக்க வேண்டியதில்லை.

இன்று சனிக்கிழமை. ஆபரேஷன் நாளை மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. அதற்குமுன் இந்தக் கதையை முடித்தாக வேண்டும். பிறகு எழுதினால் அது செய்தி.

நேற்று மூவருமாக மருத்துவரைப் பார்த்தோம். முழு மயக்கம் கொடுக்க மாட்டார்களாம். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, சின்னத் துண்டு ஒன்றை உள்ளே வைத்து, அசையாத நாணை நடுவுக்குத் தள்ளுவார்கள்.

"நீங்க முழிச்சுக்கிட்டு இருக்கணும்மா. பேசணும். உங்க குரலக் கேட்டுக் கேட்டுத்தான் அத எங்க வெக்கறதுன்னு நான் முடிவு பண்ணுவேன். பழைய குரல் அப்படியே வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனா என்ன பேசறதுன்னு யோசிச்சு வெச்சுக்கிட்டு வாங்க. மேசைல படுத்ததும் எல்லாருக்கும் மறந்துடும்."

திரும்பும் வழியில் நான் பதினாறாம் வாய்ப்பாடு என்றேன். ஹரிசங்கர் பானிபட் என்றார். கோதை இல்லையென்று தலையை ஆட்டினாள். யோசித்து வைத்துவிட்டாளாம். என்னவென்று சொல்ல மாட்டாளாம். அவர் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே அவள் சொல்வது அவருக்குக் கேட்காது. அது அவளுக்கும் தெரியும்.

"இப்பப் பேசுங்கம்மா" என்பார் மருத்துவர். கோதை வாயைத் திறப்பாள்.

அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. அடுத்த வரியை உங்களுக்கு விட்டிருக்கிறேன். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பக்கத்து அறையில் யாராவது இருந்தால், என்ன சொன்னாய் என்று கேட்டு எழுந்து வருகிறார்களா என்று கொஞ்ச நேரம் காத்திருங்கள்.