எருமை கலந்த தண்ணீர்

கோமுவுக்கு உள்ளங்காலில் பிடித்த எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. ஏறாதா பின்னே? விடுதி வாசலிலேயே எருமையைக் கட்டி, செம்பைக் கவிழ்த்துக் காட்டி, அத்தனை பேர் கண்ணெதிரே கறந்த பால். நுரைகூட இன்னும் அடங்கவில்லை. அதற்குள் வார்டன் தேவசிகாமணி கண்ணாடிக் குச்சியை அதில் இறக்கிவிட்டு, "தண்ணி" என்கிறார்.

பாளையங்கோட்டையில் அந்தப் பெண்பிள்ளைகள் விடுதிக்கு ஆறு வருஷமாகப் பால் ஊற்றுகிறவள் அவள். புருஷன் போனபின் இரண்டு எருமையும் இந்த வாடிக்கையும்தான் அவளுக்குச் சோறு. ஜார்ஜ் ராஜா டில்லிக்கு வந்துபோன மறுவருஷம் தேவசிகாமணி மெட்ராஸிலிருந்து அந்த லாக்டோமீட்டரை வாங்கி வந்தார். அடியில் குண்டு, மேலே மெல்லிய தண்டு, தண்டில் கோடு. நல்ல பாலென்றால் கோட்டோடு மிதக்கும். தண்ணீர் கலந்திருந்தால் கோடு தாண்டி முழுகும். கோமுவின் பாலில் முழுகுவது இது இரண்டாவது தடவை. மூன்றாம் முறை முழுகினால் வாடிக்கை முழுக்க இன்னொரு பால்காரன் பூதத்தானுக்கு என்று வார்டன் சொல்லிவிட்டார்.

"ஐயா, ஒங்க கண்ணு முன்னாலதான கறந்தேன்? தண்ணிய எங்கன போயி ஊத்துனேன்?"

"எருமைக்கு வயிறு முட்டத் தண்ணி காட்டிக் கூட்டியாந்திருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

எருமை குடித்த தண்ணீர் நேரே மடியில் இறங்கிவிடுமாம்! நாலு எழுத்துப் படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது? பாலை வேப்பமரத்து அடிமூட்டில் கொட்டச் சொன்னார். கொட்டினாள். அடுத்து நின்ற பூதத்தானின் பாலில் குச்சி ஜம்மென்று கோட்டில் நின்றது. நேற்றுக் கறந்து, வெண்ணெய்க்கு ஏட்டை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொண்டுவருகிறவன் அவன். பால் நீலம் பாரித்துக் கிடந்தது.

அன்றைக்கு முற்பகல், பக்கத்துப் பள்ளிக்கூட ஜன்னலோரமாக எருமையை ஓட்டிக்கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே அதே தேவசிகாமணி பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"திரவம் சூடேறினால் விரியும். விரிந்தால் லேசாகும். லேசான திரவத்தில் மிதக்கும் பொருள் அதிகம் அமிழும். எங்கே, எல்லாரும் சொல்லுங்கள்!"

பிள்ளைகள் மூன்று தடவை சொன்னார்கள். கோமுவுக்குப் பளிச்சென்று விளங்கியது. மடியிலிருந்து இறங்கிய பால் கையைச் சுடும். பூதத்தான் பாலோ ராத்திரியெல்லாம் ஆறிக் கிடந்தது. பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடம் சொல்லிக்கொடுக்கிறவருக்குத் தெரியவில்லையே!

வீட்டுக்குப் போனதும் ஆமணக்குத் தண்டில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு முனையையும் மெழுகால் அடைத்து, அடியில் ஈயக்குண்டு கட்டினாள். வீட்டிலிருந்த இன்னொரு எருமையைக் கறந்து, சூடு ஆறுமுன் அதை உள்ளே விட்டாள். முழுகிய இடத்தில் கரியால் கோடு போட்டாள். அதே பாலை ஈரமணலில் வைத்து ஆறவிட்டதும் தண்டு மேலே எழும்பியது. அங்கேயும் ஒரு கோடு போட்டாள். மிதந்த ஏட்டை வழித்தெடுத்ததும் இன்னும் எழும்பியது. ஏடுதான் லேசு, அது போனால் மிச்சம் கனம். அதில் நாலு பங்குக்கு ஒரு பங்கு தண்ணீர் ஊற்றினாள். தண்டு இறங்கி, ஆறிய நல்ல பாலில் நின்ற இடத்திலேயே வந்து நின்றது. பூதத்தானும் ஏட்டை எடுத்து இப்படித்தான் தண்ணீர் கலக்கிறான் என்ற வண்டவாளம் விளங்கிவிட்டது.

சாயங்காலமே குச்சியோடு வார்டனிடம் ஓடினாள். "ஐயா, காலையில பாடத்துல நீங்கதான சொன்னிய? சூட்டுல லேசாயிரும்னு? எம் பாலக் கொஞ்சம் ஆறவிட்டுப் பாருங்க."

தேவசிகாமணி ஆமணக்குக் குச்சியைப் பார்த்துச் சிரித்தார். "அது பாடம், கோமு. இது பால். சீமைக் கண்ணாடி பொய் சொல்லும், ஒன் ஆமணக்குத் தண்டு மெய் சொல்லுமோ? போ, போ. நாளைக்கு முழுகிட்டுன்னா இந்தப் பக்கமே வராத."

மறுநாள் எருமை வரவில்லை. கோமு பானையோடு மட்டும் வந்தாள். ஏடெடுத்து, ஆறவைத்து, தண்ணீர் கலந்த பால். ஆத்திரத்தில்தான் செய்தாள், ஆனால் அளந்து செய்தாள். கண்ணாடிக் குச்சி பால் கோட்டில் பிசகாமல் நின்றது.

"பாத்தியா? மனசு வச்சா நல்ல பால் தர முடியுதுல்லா?" என்றார் வார்டன்.

எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைக்கத்தான் வந்திருந்தாள். ஆனால் வாடிக்கை தப்பித்தது என்றதும் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டாள். அதுவே அவளுக்கு அவமானமாக இருந்தது. நோயறைக்குப் பால் கொண்டுபோனாள். அங்கே சாலோமி என்கிற சின்னப் பிள்ளை விஷக்காய்ச்சலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்தாள். பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அவளைப் பார்த்துக்கொள்ளும் சாரம்மாள் கிண்ணத்தைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன கோமு, பாலு இப்படித் தண்ணியா ஓடுது? இத நம்பித்தான பிள்ள கெடக்கு!"

கோமு கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். சாரம்மாள் பின்னாலேயே ஓடிவர, வார்டன் மேஜைமேல் அதை நங்கென்று வைத்தாள்.

"இதுல அஞ்சுல ஒண்ணு தண்ணி. நான்தான் ஊத்துனேன். ஏட்டையும் நான்தான் எடுத்தேன். ஒம்ம கண்ணாடி இத நல்ல பாலுங்குது. நோயாளிப் பிள்ளைக்கு நீரே குடும்வே!"

'ஐயா' போய், மரியாதையில்லாத 'வே' வந்துவிட்டது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்து சாரம்மாளைப் பார்த்தார்.

"கேட்டீகளா? தண்ணி கலந்தத அவ வாயாலயே ஒத்துக்கிட்டா. நான் மொதல் நாளே சொன்னேனா இல்லியா? இனிமே இவ வாசல்ல கால் வைக்கக்கூடாது."

"அப்போ பிள்ளைக்குப் பாலு?" என்றாள் சாரம்மாள்.

"பூதத்தான் ஊத்துவான். அவன் பால்தான் ஒருநாளும் தப்பினதில்ல."